பட்டாபி வாங்கிய வெள்ளித் தாமரை

இருபது ஆண்டுகளுக்கு முன்பு, கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்து வரிசை வீடுகளில் இரவு நேரத்தில் ஒரு காட்சியைச் சாதாரணமாகக் காணலாம்.

இரும்பு ஆலையில் ஷிப்டு முடித்து வந்தவர் குளித்துவிட்டுப் பாயில் சாய்ந்திருப்பார். உலைச் சூடு இன்னும் உடம்பை விட்டுப் போயிருக்காது. அம்மா சோறு வடித்துக் கொண்டிருப்பாள். குழந்தைகள் டெலிவிஷன் பெட்டிக்கு முன்னால், கண் கெட்டுப் போகும் என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்காமல், ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

"அம்மா! பட்டாபி வந்தாச்சு!" என்று ஒரு குழந்தை கத்தும்.

அவ்வளவுதான். அடுப்பைத் தணித்துவிட்டு அம்மா ஓடி வருவாள். பாயில் கண் மூடிக் கிடந்தவரும் தலையைத் தூக்குவார். பக்கத்து வீட்டில் பெட்டி இல்லை என்றால், அந்த வீட்டுப் பாட்டியும் வாசற்படியில் வந்து உட்கார்ந்து விடுவாள்.

அந்தப் பட்டாபி யார்? அவருக்கு வீடு எது, வாசல் எது? அதையெல்லாம் அன்று யாரும் கேட்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். அது போதுமாக இருந்தது.

அந்தப் பட்டாபிக்கு 2025ஆம் ஆண்டு இந்திய அரசாங்கம் தேசிய விருது கொடுத்தது. சிரிக்க வைத்ததற்காக அல்ல. கோபமும் வறட்டுக் கௌரவமும் பிடித்த ஒரு கிழவராக நடித்ததற்காக! பட்டாபியிலிருந்து அந்தக் கிழவர் வரைக்கும் வந்து சேர அவருக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின.

அவர் பெயர் எம்.எஸ். பாஸ்கர்.

முத்துப்பேட்டைக்காரர்

எம்.எஸ். பாஸ்கரின் சொந்த ஊர் முத்துப்பேட்டை. பழைய தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்தது. இப்போது திருவாரூர் ஜில்லா. தர்காவுக்கும், கடலோரத்து அலையாத்திக் காட்டுக்கும் பேர் போன ஊர்.

சென்னைக்கு வந்தவர் மேடை நாடகங்களில் நடித்தார். அந்தக் காலத்தில் சென்னை சபாக்களில் குடும்ப நாடகங்களுக்கு நல்ல கூட்டம் உண்டு. மேடையில் நின்றால் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் வசனம் காதில் விழ வேண்டும். மைக் ஒன்றோ இரண்டோதான் தொங்கும். ஆகையால் நாடக நடிகர்களுக்கு முதல் சொத்து குரல். முகம் அதற்குப் பிறகுதான்.

நாடகத்தில் பேர் வாங்கிச் சினிமாவுக்குப் போன விசு, 1986ல் 'சம்சாரம் அது மின்சாரம்' என்ற படத்தை எடுத்துத் தமிழ்நாடு முழுவதும் குடும்பம் குடும்பமாக ஜனங்களைக் கொட்டகைக்கு இழுத்தார். அடுத்த ஆண்டு அவர் எடுத்த 'திருமதி ஒரு வெகுமதி' படத்தில் எம்.எஸ். பாஸ்கர் திரையில் தோன்றினார். சிறிய வேடம். வந்தார், போனார் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒரு படத்தில் தலை காட்டிவிட்டால் அடுத்த படம் வீடு தேடி வரும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கலாம். அப்படி வருவதில்லை. துணை நடிகருக்கு மாதச் சம்பளம் இல்லை. கூப்பிட்ட நாளுக்குக் கூலி. ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளிக்கு என்ன கதியோ, ஏறக்குறைய அதே கதிதான். கேட் மூடினால் வேலை இல்லை. வயிறு மட்டும் தினமும் கேட்கும்.

பிழைக்க வைத்தது குரல்தான்.

இருட்டறையில் ஒரு தொழில்

'டப்பிங்' என்ற தொழிலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொன்னால்தான் பாஸ்கரின் கதை விளங்கும்.

ஒரு தெலுங்குப் படம் தமிழில் வருகிறது. நடித்தவர் தெலுங்கர். ஆனால் கொட்டகையில் அவர் தமிழ் பேசுகிறார். பேசுவது யார்? இருட்டறை ஒன்றில், காதில் கருவியை மாட்டிக்கொண்டு, எதிரே திரையில் அசையும் உதட்டைப் பார்த்தபடியே இன்னொருவர் பேசுகிறார். அவருடைய முகம் யாருக்கும் தெரியாது. பல படங்களில் பெயர்கூட வராது.

இதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். ஆரம்பாக்கத்திலும் கும்மிடிப்பூண்டியிலும் இருப்பவர்களுக்கு இதை எளிதில் விளக்கிவிடலாம். ஆந்திர எல்லை கூப்பிடு தூரம். வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ் என்று இருக்கும் குடும்பங்கள் அங்கே நிறைய உண்டு.

தெலுங்கில் 'வச்சாடு' என்பார்கள். தமிழில் 'வந்தான்'. சொல்லிப் பாருங்கள். 'வச்சாடு' என்று முடிக்கும்போது உதடு குவிகிறது. 'வந்தான்' என்று முடிக்கும்போது உதடு குவியவில்லை. வாய் திறந்தபடி இருக்க, நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்கிறது. படத்தில் இருப்பவர் உதட்டைக் குவித்து நிற்பார். காதில் 'வந்தான்' என்று விழும். பார்ப்பவர்களுக்கு எங்கேயோ இடிக்கும். ஆகவே 'வந்துட்டாரு' என்று மாற்ற வேண்டும். இப்போது உதடு சரியாகக் குவிந்துவிடும்!

தெலுங்கில் பெரும்பாலான சொற்கள் 'அ', 'உ', 'இ' என்று உயிர் ஓசையிலேயே முடிகின்றன. தமிழில் 'ன்', 'ள்', 'ம்' என்று மெய்யெழுத்தில் முடியும் சொற்கள் ஏராளம். இந்த வித்தியாசத்தைச் சமாளிப்பதுதான் பாதி வேலை. 'ப', 'ம' என்ற எழுத்துக்களுக்கு இரண்டு உதடும் மூட வேண்டும். உதடு மூடுகிற இடத்தில் அந்த எழுத்துக்களில் ஒன்று வந்தே தீர வேண்டும். 'அம்மா' என்ற ஒரு சொல்தான் எந்தத் தகராறும் செய்யாது. இரண்டு மொழியிலும் உதடு ஒரே மாதிரி மூடித் திறக்கிறது.

வசனம் மட்டுமா? இருமல், தும்மல், பெருமூச்சு, ஓடி வந்து மூச்சு வாங்குவது, வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசுவது, அடி வாங்கி முனகுவது எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே நின்று செய்ய வேண்டும். காலையில் ஒரு போலீஸ்காரருக்குக் குரல் கொடுப்பார்கள். மத்தியானம் ஒரு பிச்சைக்காரருக்கு. சந்தைக் காட்சி வந்தால் நாலைந்து பேர் ஒரே மைக்கின் முன் நின்று ஊரையே உண்டாக்குவார்கள்.

எம்.எஸ். பாஸ்கர் பல வருஷங்கள் இந்தத் தொழிலைச் செய்தார். அவருடைய சகோதரிகளுக்கும் இதே தொழில்தான். குடும்பமே குரலால் பிழைத்த குடும்பம்.

பிற்காலத்தில் அவருக்கு உதவியது இந்தப் பள்ளிக்கூடம்தான் என்று சொல்லலாம். நூற்றுக்கணக்கான முகங்களை உதடு உதடாக உற்றுப் பார்த்தவர் அவர். ஒரு மனிதன் பொய் சொல்லும்போது மூச்சு எங்கே தடுக்கிறது, அழுகையை அடக்கும்போது தொண்டை எப்படி அடைக்கிறது என்பதையெல்லாம் அந்த இருட்டறையில் தினமும் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தால் மட்டும் போதாது. அதே மாதிரி உடனே செய்தும் காட்ட வேண்டும்.

பெட்டி வந்தது

சென்னையில் டெலிவிஷன் நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ந் தேதி தொடங்கியது. அப்போது பெட்டி வைத்திருந்தவர்கள் பணக்காரர்கள். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்கத் தெருவே ஒரு வீட்டில் கூடும். சபா நாடகக்காரர்கள் சிலர் தூர்தர்ஷனில் ஹாஸ்ய நாடகங்கள் போட்டார்கள். காத்தாடி ராமமூர்த்தி, எஸ்.வி. சேகர், கிரேஸி மோகன் ஆகியோரை மேடையில் பார்க்க முடியாத ஊர் ஜனங்களும் அப்படித்தான் பார்த்தார்கள்.

1993ஆம் ஆண்டு தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டி.வி. தொடங்கிய பிறகு நிலைமை மாறியது. கேபிள் கம்பி தெருத் தெருவாக, மரத்துக்கு மரம் கட்டிக்கொண்டு கிராமத்துக்குள்ளும் போனது. 2006 முதல் 2011 வரை இருந்த தமிழக அரசு ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான கலர் டெலிவிஷன் பெட்டிகளை இலவசமாகக் கொடுத்தது. திருவள்ளூர் ஜில்லாவில் குடிசை வீட்டுக்குள்ளும் பெட்டி வந்து உட்கார்ந்தது. படிக்கத் தெரியாத பாட்டிக்கும் சின்னத்திரை நடிகர்களின் பெயர் மனப்பாடம் ஆயிற்று. உண்மைப் பெயர் அல்ல. கதையில் வரும் பெயர்.

சன் டி.வி.யில் வந்த 'சின்னப் பாப்பா பெரிய பாப்பா' என்ற ஹாஸ்யத் தொடரில் பட்டாபியாக வந்தார் எம்.எஸ். பாஸ்கர். குடும்பத்துக்குள் நடக்கும் ஓயாத போட்டிதான் கதை. வீட்டுக்கு வீடு தெரிந்த சண்டை. நளினியும் நிரோஷாவும் நடித்தார்கள். நடுவில் பட்டாபி வருவார். அவர் வாய் திறப்பதற்கு முன்பே அவர் முகம் பேசிவிடும்.

டெலிவிஷன் ஹாஸ்யம் சினிமா ஹாஸ்யத்தைப் போன்றதல்ல. சினிமாவில் ஒரு காட்சியில் வந்து வெடித்துவிட்டுப் போகலாம். டெலிவிஷனில் வாரா வாரம் வர வேண்டும். ஒரே வீடு, ஒரே சோபா, அதே நாலைந்து பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு கோணங்கித்தனம் நிரந்தரமாக உண்டு. அதைத்தான் ஜனங்கள் எதிர்பார்ப்பார்கள். அதைச் செய்யாவிட்டால் 'இன்றைக்குப் பட்டாபி சரியில்லையே' என்பார்கள். போன வாரம் செய்த மாதிரியே செய்தால் 'இதைத்தான் போன வாரமே பார்த்தோமே' என்பார்கள்! இரண்டுக்கும் நடுவில் கயிற்றின் மேல் நடப்பது போல நடக்க வேண்டும்.

அந்தத் தொடர்களில் எல்லா ஹாஸ்யமும் உயர்ந்த ரகம் என்று சொல்வதற்கில்லை. வசனம் நொண்டும் இடங்களில் முன்கூட்டியே பதிவு செய்த சிரிப்பொலியைச் சேர்த்துவிடுவார்கள். பெட்டிக்குள் யாரோ சிரிப்பார்கள். வீட்டில் யாரும் சிரிக்க மாட்டார்கள். பட்டாபி வரும்போது மட்டும் அந்த இரவல் சிரிப்பு தேவைப்படவில்லை.

பாஸ்கர் வேறு தொடர்களிலும் நடித்தார். ஆனால் கடைத்தெருவில் ஜனங்களுக்கு அவர் பட்டாபிதான்.

பேர் ஒரு பூட்டு

ஒரு நடிகருக்கு இதைவிட என்ன வேண்டும் என்று கேட்கத் தோன்றும். இதிலே ஒரு விலங்கும் இருக்கிறது.

சிரிப்பு நடிகர் என்று முத்திரை விழுந்துவிட்டால், அவர் அழுதாலும் ஜனங்கள் சிரித்துவிடுவார்களோ என்று பட முதலாளிக்குப் பயம். ஆகவே அழுகிற வேடத்தை அவருக்குக் கொடுக்க மாட்டார்கள். கொடுக்காததால் அவருக்கு அழ வரும் என்பது யாருக்கும் தெரியாது. தெரியாததால் கொடுக்க மாட்டார்கள். செக்கு மாடு சுற்றுவது போல இது சுற்றிக்கொண்டே இருக்கும்.

நாகேஷ் கதையும் இதுதான். ரயில்வே குமாஸ்தாவாக இருந்து நடிக்க வந்தவர். 1964ல் 'சர்வர் சுந்தரம்' படத்திலேயே, சிரிப்புக்குள் துக்கத்தை வைத்து நடிக்க முடியும் என்று காட்டிவிட்டார். ஆனாலும் ஜனங்களுக்கு அவர் கடைசி வரை 'திருவிளையாடல்' தருமிதான். தேசிய விருது அவருக்கு எப்போது கிடைத்தது? 1994ல் வந்த 'நம்மவர்' படத்துக்கு. மகளைப் பறிகொடுத்த ஒரு பேராசிரியராக அதில் அவர் நடித்தார். சிறந்த துணை நடிகர் விருது. அதற்குள் அவர் திரைக்கு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

மனோரமாவுக்கும் அப்படியே. ஆயிரம் படங்களில் சிரிக்க வைத்தவருக்குத் தேசிய விருது வாங்கித் தந்தது 'புதிய பாதை'யில் ஏற்ற வேடம்.

எம்.எஸ். பாஸ்கருக்கும் 2004ல் வந்த 'எங்கள் அண்ணா' போன்ற படங்களில் ஹாஸ்ய வேடங்கள் வரத் தொடங்கின. படத்துக்குப் படம் ஒன்றிரண்டு காட்சி. ஜனங்கள் சிரித்தார்கள். பூட்டு இன்னும் இறுகியது.

அந்தப் பூட்டை முதலில் திறந்து பார்த்தவர் இயக்குநர் ராதாமோகன்.

1984ல் நின்ற கடிகாரம்

2007ல் வந்த 'மொழி' படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. காது கேட்காத, வாய் பேசாத பெண்ணாக ஜோதிகா நடித்த படம். பிருத்விராஜும் பிரகாஷ்ராஜும் நண்பர்கள். அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் ஞானப்பிரகாசம் என்று ஒரு பேராசிரியர் இருக்கிறார். அவர்தான் பாஸ்கர்.

பேராசிரியருக்கு ஒரு விசித்திரம். அவருக்குக் காலம் 1984ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. அந்த வருஷத்துச் சங்கதிகளையெல்லாம் நேற்று நடந்தது போலப் பேசுவார். எதிரில் இருப்பவர் விழிப்பார். கொட்டகையில் சிரிப்பு அலை அலையாக வரும். 'பட்டாபி வந்துவிட்டார்' என்று ஜனங்கள் நிம்மதியாகச் சாய்ந்து உட்காருவார்கள். ராதாமோகனும் அதற்குத்தான் இடம் கொடுத்தார்.

பிறகுதான் விஷயம் தெரிகிறது. 1984ல் அவருடைய மகன் செத்துப் போய்விட்டான். அந்தச் செய்தியை அவர் மனம் வாங்கிக்கொள்ளவில்லை. அந்த வருஷத்தைத் தாண்டினால் மகன் இல்லை என்று ஆகிவிடும். ஆகவே அவர் தாண்டவில்லை.

ஒரு கட்டத்தில் உண்மையை அவருக்கு முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டி வருகிறது. நாயகன் சொல்கிறான். அத்தனை வருஷமாக அணைக்குள் கிடந்த அழுகை உடைகிறது. அந்தக் காட்சியில் பாஸ்கரின் முகத்தைப் பாருங்கள். முதலில் கோபம் வருகிறது. பிறகு ஒரு குழந்தையின் திகைப்பு. அதற்குப் பிறகுதான் கண்ணீர். அழுகை வருகிற வழியைப் படி படியாக அறிந்தவரால்தான் அப்படி அழ முடியும்.

இதுவரை சிரித்ததற்கு ஜனங்களே வெட்கப்படும்படி அந்தக் காட்சி அமைந்திருக்கிறது. ஹாஸ்ய நடிகர் அல்லாத வேறு யாராவது அதில் நடித்திருந்தால் இந்த வேலை நடந்திருக்காது. முன் பாதியில் ஜனங்கள் சிரித்திருக்க மாட்டார்கள். பின் பாதியில் குத்தியிருக்காது. அதுவரை விலங்காக இருந்த பட்டாபி என்ற பேரே இங்கே பாஸ்கருக்குக் கைகொடுத்தது.

எட்டுத் தோட்டா, ஒரு கார்

அதற்குப் பிறகும் கதவு முழுவதும் திறந்துவிடவில்லை. பாஸ்கர் சிரிப்பு வேடங்களை விடவும் இல்லை. வருகிற வேலையைத் தட்டிவிட்டு நல்ல வேடத்துக்காகக் காத்திருப்பது பெரிய நடிகர்களுக்குக் கட்டுப்படியாகும். துணை நடிகருக்கு வீட்டு வாடகை இருக்கிறது.

ஆனாலும் இடையிடையே நல்ல வேடங்கள் வந்தன. 2015ல் கமல்ஹாசனின் 'உத்தம வில்லன்' படத்தில் சொக்கு செட்டியாராக வந்தார். புகழ் பெற்ற ஒரு நடிகரின் பழைய காலத்து மானேஜர். முதலாளியின் பெருமையையும் தெரிந்தவர், பாவத்தையும் தெரிந்தவர். கமல்ஹாசனுக்கு எதிரே நின்று, அவருக்குச் சளைக்காமல் நடித்தார்.

2017ல் '8 தோட்டாக்கள்' வந்தது. ஸ்ரீகணேஷ் என்ற இளைஞர் இயக்கிய முதல் படம். ஒரு இளம் சப் இன்ஸ்பெக்டர் துப்பாக்கியைப் பறிகொடுத்துவிடுகிறார். அதில் எட்டுத் தோட்டாக்கள். ஜப்பானிய மேதை அகிரா குரோசாவா 1949ல் எடுத்த 'தெரு நாய்' படத்தின் சாயல் இந்தக் கதையில் உண்டு. துப்பாக்கி கடைசியில் போய்ச் சேரும் கை, போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கிருஷ்ணமூர்த்தி என்ற மனிதருடையது. அந்த வேடம் பாஸ்கருக்கு.

கிருஷ்ணமூர்த்தி கொள்ளை அடிக்கிறார். கொலை நடக்கிறது. ஆனாலும் பார்ப்பவர்களுக்கு அவர் மேல் வெறுப்பு வருவதில்லை. அந்த இளம் அதிகாரிக்கு எதிரே உட்கார்ந்து தன் வாழ்க்கையைச் சொல்லும் ஒரு காட்சி இருக்கிறது. குரலை ஏற்றவே மாட்டார். வருஷக்கணக்கில் மனிதர்கள் தன்னைக் கிள்ளுக்கீரையாக நடத்தியதைச் சொல்லுகிறார். காய்கறி விலை சொல்வது போலச் சொல்லுகிறார். படத்துக்குப் பெரிய நட்சத்திரம் கிடையாது. பார்த்தவர்கள் ஒருவரிடம் ஒருவர் சொல்லித்தான் அந்தப் படமும் பாஸ்கரின் பேரும் பரவின.

டெலிவிஷனில் ஹாஸ்யம் செய்தவரா இவர் என்று அப்போதுதான் பலர் கேட்டார்கள்.

2023 டிசம்பரில் 'பார்க்கிங்' வெளியாயிற்று. இதுவும் இளைஞர் ஒருவரின் முதல் படம்தான். ராம்குமார் பாலகிருஷ்ணன் என்று பெயர்.

கதை ரொம்பச் சின்னது. கீழ் வீட்டில் இளம்பரிதி என்ற அரசாங்க அதிகாரி பல வருஷமாகக் குடியிருக்கிறார். மனைவி, ஒரு மகள். சிக்கனமானவர். கை சுத்தம். தன் பேச்சே வேதம் என்று நினைப்பவர். மேல் வீட்டுக்கு ஒரு இளம் தம்பதி குடி வருகிறார்கள். கம்ப்யூட்டர் வேலை. பெண் கர்ப்பிணி. அவர்கள் ஒரு கார் வாங்குகிறார்கள். வீட்டில் வண்டி நிறுத்த ஒரே இடம். அங்கே பெரியவரின் மோட்டார் சைக்கிள் நிற்கிறது.

அவ்வளவுதான் தகராறு! ஒரு கார் நிற்கிற இடம்! அந்த இடத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் பெரியவரும் ஒரு கார் வாங்கிவிடுகிறார். ஓட்டுவதற்காக அல்ல, நிறுத்துவதற்காக. சண்டை வளர்கிறது. ஒருவர் வேலைக்கு ஒருவர் உலை வைக்கிறார்கள். போலீஸ் வருகிறது. குடும்பங்கள் சந்தி சிரிக்கின்றன.

ஹரிஷ் கல்யாண் இளைஞராகவும், எம்.எஸ். பாஸ்கர் பெரியவராகவும் நடித்தார்கள். பாஸ்கரின் பெரியவரை வில்லன் என்று சொல்லிவிட முடியாது. சில காட்சிகளில் அவரைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. சில காட்சிகளில், 'இவர் நம் பெரியப்பா மாதிரி அல்லவா இருக்கிறார்!' என்று தோன்றுகிறது. மனைவியும் மகளும் அவர் எதிரில் வாய் திறக்கப் பயப்படுவதை அவர் மரியாதை என்று எண்ணிக்கொண்டிருக்கிறார். அது மரியாதை இல்லை என்று தெரிந்துகொள்ளும் நேரத்தில் அந்த முகம் சுருங்குகிறதே, அதுதான் படத்தின் உச்சம். கார் மோதல்கள் அல்ல.

டில்லியில் இருந்து செய்தி

2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 1ந் தேதி, 71வது தேசியத் திரைப்பட விருதுகளை டில்லியில் அறிவித்தார்கள். 2023ல் தணிக்கையான படங்களுக்கு உரியவை. 'பார்க்கிங்' சிறந்த தமிழ்ப் படம். ராம்குமார் பாலகிருஷ்ணனுக்குத் திரைக்கதை விருது. சிறந்த துணை நடிகர் விருது இருவருக்கு. ஒருவர், 'பூக்காலம்' படத்தில் நூறு வயதுக் கிழவராக நடித்த மலையாள நடிகர் விஜயராகவன். மற்றவர் எம்.எஸ். பாஸ்கர்.

செப்டம்பர் 23ந் தேதி, டில்லி விஞ்ஞான் பவனில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு விருதுகளை வழங்கினார். அதே விழாவில் மோகன்லாலுக்குத் தாதாசாகிப் பால்கே விருது. ஷாருக்கான் சிறந்த நடிகர்களில் ஒருவர். அந்தப் பெரிய மனிதர்கள் வரிசையில் முத்துப்பேட்டைக்காரருக்கும் ஒரு நாற்காலி. துணை நடிகர் விருதுக்கு 'வெள்ளித் தாமரை' என்று பெயர்.

'துணை நடிகர்' என்ற சொல்லே கொஞ்சம் குறைவாகத் தொனிக்கிறது. யாருக்குத் துணை? 'குணச்சித்திர நடிகர்' என்று சொல்வது மேல். தமிழில் அப்படிப்பட்டவர்கள் ஒரு பெரிய பரம்பரை. 2024 நவம்பரில் காலமான டெல்லி கணேஷ் அந்தப் பரம்பரை. பத்து வருஷம் விமானப் படையில் வேலை பார்த்து, டில்லியில் நாடகம் ஆடி, கே. பாலசந்தர் கண்ணில் பட்டு, நானூறு படங்களுக்கு மேல் நடித்தவர். அவர் இறந்தபோது விமானப் படையினர் வந்து மரியாதை செய்தார்கள். தேசிய விருது மட்டும் அவருக்கு வரவில்லை. பூர்ணம் விசுவநாதனுக்கும் வரவில்லை. வராதவர்கள் பட்டியல் நீளமானது.

பாஸ்கர் வீட்டில் குரல் தொழில் இன்னும் தொடர்கிறது. மகள் ஐஸ்வர்யா பின்னணிக் குரல் கலைஞர். மகன் ஆதித்யாவை ஜனங்களுக்கு நன்றாகத் தெரியும். 2018ல் வந்த '96' படத்தில் பள்ளிக்கூடத்துச் சிறுவன் ராமாக வந்தவர் அவர்தான். விஜய் சேதுபதியின் இளம் பருவம். பேசுவதை விடப் பேசாமல் தவிப்பதே அந்தப் பையனுக்கு வேலை. குரலால் பிழைத்தவர் வீட்டுப் பிள்ளை மௌனத்தால் பேர் வாங்கினார்!

கும்மிடிப்பூண்டி வரிசை வீடுகளில் அன்று 'பட்டாபி வந்தாச்சு' என்று கத்திய குழந்தைகள் இப்போது பெரியவர்கள். சிலர் அதே சிப்காட்டில் ஷிப்டு பார்க்கிறார்கள். சிலர் காலையில் மின்சார ரயில் ஏறிச் சென்னைக்குப் போய் வருகிறார்கள். வரிசை வீடுகள் மாடி வீடுகள் ஆகிவிட்டன. கீழே ஒரு குடித்தனம், மேலே ஒரு குடித்தனம். சைக்கிள் நின்ற வாசலில் இன்று இரண்டு மோட்டார் சைக்கிள். சந்து மட்டும் பழைய அகலம்தான். இரவு ஷிப்டு முடிந்து முதலில் வருகிறவர் வண்டியை உள்ளே ஏற்றிவிடுகிறார். பின்னால் வருகிறவர் தெருவில் நிறுத்திவிட்டு, இரண்டு தடவை பூட்டை இழுத்துப் பார்த்து, மேல் வீட்டு விளக்கை ஒரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போகிறார்.